சீனி வருத்தம் வந்த வீட்டில் புட்டு அவிப்பது எப்படி

என் கணவருக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) என்று சொன்னது 2009 மாசி மாதம். அப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். இவருக்கு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் விடியற்காலை வேலை. வைத்தியசாலையில் ஒரு தாள் தந்தார்கள். ஓட்ஸ், முழுக்கோதுமைப் பாண், தோல் நீக்கிய கோழி, புரொக்கோலி என்று அழகான படங்கள். புட்டு இல்லை, இடியப்பம் இல்லை. சொதி, வறை, சம்பல் எதுவுமே இல்லை. இவர் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துப் பதினொரு நாள் ஓட்ஸ் சாப்பிட்டார். அதற்கடுத்த நாள் காரைத் துடைக்கப் போனபோது, இருக்கைக்குக் கீழே கொத்துரொட்டி வாங்கிய பெட்டி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சுதான் அடைத்தது. ஐம்பது வயது மனிதர் தன் ஊர்ச் சாப்பாட்டைக் காருக்குள் ஒளித்துச் சாப்பிட வேண்டியதாகிவிட்டதே என்று. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இவர் சாப்பிடுவதை வீட்டில் எல்லாரும் சாப்பிடுவோம். அது எங்கள் சாப்பாடாகவே இருக்கும். அதன் பிறகு படித்ததும் பிழைவிட்டுத் திருத்தியதுமாகச் சேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். வைத்தியர் தரும் குளிசையின் இடத்தை இதில் எதுவும் பிடிக்காது. அந்தக் குளிசையை எந்தச் சமையலோடு சேர்த்து விழுங்குவது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

முதல் ஏழு நாள் எதையும் மாற்றாதீர்கள்

குசினியைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். அரிசி மூட்டையை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து, காலை எழுந்தது முதல் படுக்கும்வரை வாயில் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். வேலையிடத்தில் குடிக்கும் கோப்பியும், பிள்ளைகள் மிச்சம் வைத்ததைத் தாய்மார் வழித்துப் போடும் அந்த இரண்டு வாயும் அதில் வர வேண்டும். இவருடைய கொப்பியில் எங்களைத் திடுக்கிட வைத்தது புட்டு அல்ல, தேநீர். ஒரு நாளுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். பன்னிரண்டு கரண்டி என்றால் 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்குச் சொல்லும் மேல் எல்லை ஏறக்குறைய 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. இவர் ஒரு வாய் சோறு சாப்பிட முன்னரே அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

ஆகவே முதல் மாற்றம் தேநீரில். ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு ஒத்துழைக்காது. வாரத்துக்குக் கால் கரண்டி குறையுங்கள். எட்டு வாரத்தில் இரண்டு கரண்டியும் போய்விடும். இஞ்சி தட்டிப் போட்டால், அல்லது ஏலக்காய் ஒன்றை நசுக்கிப் போட்டால், இனிப்பு இல்லாத குறை பாதி மறந்துபோகும். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பது நல்லது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். பனங்கட்டி எனக்கும் உயிர். ஆனால் அதிலும் பெரும்பங்கு சீனிதான். இரத்தத்தில் அப்படித்தான் ஏறும். தேனும் சர்க்கரையும் அதே கணக்குத்தான்.

இது ஏன் வந்தது என்று வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள்

தின்று தின்று வரவழைத்துக்கொண்டார் என்று ஒரு உறவுக்காரர் என் முன்னாலேயே சொன்னார். அந்தச் சொல் இவரை இரண்டு வருடம் வாட்டியது. தெற்காசியரான எங்கள் உடம்புக்கு, பார்வைக்கு மெலிவாக இருந்தாலும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும் இயல்பு உண்டு. அதனால் ஐரோப்பியருக்கு 25 என்று சொல்லும் உடல் நிறைச் சுட்டெண்ணை, ஆசியருக்கு 23இலேயே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்பைச் சுற்றி அளந்தால் எங்கள் ஆண்களுக்கு எல்லை 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. தையல் நாடா ஒன்று போதும், தொப்புள் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். இதோடு குடும்ப வழி இருக்கிறது. இரவு வேலை இருக்கிறது. வன்னிப் போரின் கடைசிக் காலமான 2009இன் முதல் ஐந்து மாதங்களில் எங்கள் வீடுகளில் யார் நேரத்துக்குச் சாப்பிட்டோம், யார் தூங்கினோம்? வன்னியிலிருந்து ஒரு அழைப்பு வராதா என்று தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தபடி பாணையும் பிஸ்கட்டையும் தின்ற இரவுகளை வைத்தியர்கள் கேட்பதில்லை.

ஆனால் ஒன்றை நாங்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில், கரவெட்டியில் என் அம்மம்மா வீட்டில் இறைச்சி மாதத்துக்கு ஒரு தடவை. ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் பிறந்தநாளுக்கு. கேக் நத்தார், வருடப்பிறப்புக்கு. மிச்ச நாளெல்லாம் ஒரு கீரை, ஒரு மரக்கறி, கிடைத்த மீன், கிணற்றில் அள்ளி வார்த்த தண்ணீர், சைக்கிளில் மூன்று மைல். இங்கே வந்து விருந்துச் சாப்பாட்டை நாட்சாப்பாடு ஆக்கிவிட்டோம். உழைத்துக் களைத்த மக்கள், பட்டினியும் பங்கீட்டு அட்டையும் பார்த்த மக்கள், பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் கொடுக்க வேண்டும் என்று செய்தோம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நாட்சாப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும்.

புட்டு

எங்கள் வீட்டில் இரவு புட்டு இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே மாவிலிருந்து தொடங்கினேன். அம்மம்மா கோதுமை மாவை அமெரிக்கன் மா என்பார். கப்பலில் வந்த மா என்று அதற்கு ஒரு இரண்டாந்தர இடம் வைத்திருந்தார். இங்கே கடையில் விற்கும் அவித்த புட்டு மாவில் பல, பெரும்பாலும் அந்த அமெரிக்கன் மாதான். சிவப்பு நிறத்தைப் பார்த்து நம்பாமல் பொதியின் பின்பக்கத்தில் முதல் சொல்லைப் படியுங்கள். கோதுமை என்று இருந்தால் வைத்துவிடுங்கள்.

நான் செய்யும் அளவு இது, நான்கு பேருக்கு. குரக்கன் (கேழ்வரகு) மா ஒரு கப், வறுத்த சிவப்பரிசி மா ஒரு கப், அரைத் தேக்கரண்டி உப்பு. பொடியாக அரிந்த கீரை இரண்டு கப். முருங்கை இலை என்றால் குளிரூட்டிய பொதி கிடைக்கிறது. இல்லாவிட்டால் பசளியோ, இந்த ஊர்க் கேல் இலையோ போதும். கேலின் நடுத்தண்டை உரித்து எறிந்துவிடுங்கள், அது அவியாது. தேங்காய்ப்பூ அரைக் கப், சின்ன வெங்காயம் ஒரு பிடி, பச்சை மிளகாய் இரண்டு.

குரக்கன் மாவை முதலில் வெறும் தாச்சியில், மெல்லிய நெருப்பில், மணம் வரும்வரை வறுங்கள். ஐந்து நிமிடம் போதும், கருகினால் கசக்கும். ஆறியதும் இரண்டு மாவையும் உப்போடு கலந்து, கொதித்து இறக்கிய தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். கோதுமை மாவுக்கு விடுவதுபோல் தண்ணீர் விடக் கூடாது. கீரை ஆவியில் தன் தண்ணீரை விடும், ஆகவே மா கொஞ்சம் வறட்சியாக, பிடித்தால் பிடிபட்டு விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிறகு சுண்டால் கொத்துங்கள். என்னிடம் இருப்பது ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த தகரச் சுண்டு. அதன் விளிம்பு தேய்ந்து கத்திபோல் ஆகிவிட்டது. கட்டிகள் எல்லாம் பயறளவுக்கு வரும்வரை கொத்த வேண்டும். குழலில் அவிப்பதைவிட ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அவிப்பது இதற்கு நல்லது. கீரையும் வெங்காயமும் மிளகாயும் தேங்காய்ப்பூவும் கடைசியில் கலந்து, அழுத்தாமல் கொட்டி, ஆவி மேலே வரத் தொடங்கியபின் பன்னிரண்டு நிமிடம்.

நான்கில் ஒரு பங்கில் ஏறக்குறைய ஒரு கப் சோற்றில் உள்ள மாச்சத்து இருக்கிறது, 45 கிராம் அளவில். குரக்கன் நல்லது என்று நம்பி நான் முதல் மாதம் இவருக்கு இரண்டு பங்கு வைத்தேன். இரத்தத்தில் சீனி பார்க்கும் மானியில் பார்த்தபோது அது வெள்ளைப் புட்டு மாதிரியே ஏறியிருந்தது. குரக்கனில் நார் உண்டு, கல்சியம் மிக அதிகம் உண்டு, ஆனால் மா மாதான். குரக்கன் கஞ்சி இன்னும் மோசம். நீர்ப்பதமாகக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றில் நிற்காமல் வேகமாக இரத்தத்துக்குப் போகிறது. அவித்த புட்டை, கத்தரிக்காய்க் குழம்போடும் ஒரு துண்டு மீனோடும் மென்று சாப்பிடும்போதுதான் பலன் தெரியும்.

இடியப்பத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பரிசி மா, எண்ணி ஐந்து, அதற்கு மேல் வேண்டாம். தட்டில் இடியப்பம் அடுக்கும்போது எண்ணாதவர்கள் பத்தைத் தாண்டிவிடுவார்கள், நானும் தாண்டியிருக்கிறேன்.

சொதிக்கு முழு ரின் தேங்காய்ப்பாலையும் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். 400 மில்லிலீற்றர் ரின்னை உடைத்தால் நான்கு கிண்ணத்தில் பிரித்து மூன்றைக் குளிரூட்டியில் உறைய வையுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், தக்காளி எல்லாம் தண்ணீரில் நன்றாக அவிந்தபின் அந்த ஒரு கிண்ணப் பாலை விட்டு, நுரை கட்டும்போது இறக்கி, தேசிக்காய் பிழியுங்கள். பால் குறைந்தது நாக்குக்குத் தெரியாது, புளி சரியாக இருந்தால்.

மத்தியானத் தட்டு

கனடா அரசின் உணவு வழிகாட்டி 2019இல் மாறியது. இப்போது அது ஒரு தட்டுப் படம்: பாதி மரக்கறியும் பழமும், கால் பங்கு புரதம், கால் பங்கு முழுத்தானியம். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, இதைத்தானே அம்மம்மா செய்தார், சோறுதான் கொஞ்சம் கூட என்று நினைத்தேன். எங்கள் தட்டில் அதை எப்படிக் கொண்டுவருவது?

தட்டில் முதலில் சோற்றைப் போடும் கை வழக்கத்தை மாற்ற வேண்டும். முதலில் வறையும் கீரைக்கடையலும் பச்சடியும் பாதித் தட்டை நிரப்பட்டும். பிறகு மீன், முட்டை, கடலை, பருப்பு ஏதாவது. கடைசியில் மிஞ்சிய இடத்தில் சோறு, அளந்து ஒரு கப். சோறு மலைபோல் இருந்த இடத்தில் ஒரு கப் என்பது ஒரு சின்ன மேடு. முதல் இரண்டு வாரம் கண்ணுக்குப் பசிக்கும். நான் தட்டையே மாற்றினேன், பெரிய பீங்கானை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டு. சாப்பிடும்போதும் மரக்கறியை முதல் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியாகக் குழைத்தால் இவருக்கு மானியில் இரண்டு புள்ளி வரை குறைகிறது. அரிசியில் புழுங்கல் பச்சையரிசியைவிட மெதுவாக ஏறும். தீட்டாத சிவப்புப் புழுங்கல் கிடைத்தால் அதுவே நல்லது.

இங்கே ஒரு முக்கியமான இடம். உருளைக்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய், பலாக்கொட்டை, இவையெல்லாம் எங்கள் பேச்சில் கறி. உடம்புக்கு அவை சோறு. சோற்றோடு உருளைக்கிழங்குப் பிரட்டலும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்தால் மூன்று சோறு வைத்ததாக எண்ணுங்கள். இதனால்தான் வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் சீனி அளவு கூடிவந்தது. மச்சம் சாப்பிடும் நாளில் மீன் இருக்கும். சைவ நாளில் அந்த இடத்தை உருளைக்கிழங்கும் அப்பளமும் பாயசமும் பிடித்துக்கொண்டன. இப்போது வெள்ளிக்கிழமை என்றால் கறுத்தக் கொண்டைக்கடலைக் குழம்போ, முளைவிட்ட பயறு வறையோ கட்டாயம். சோயாவும் தோஃபுவும் பழகிக்கொண்டோம். தோஃபுவைப் பிழிந்து உதிர்த்து, மிளகாய்த்தூள் போட்டு முட்டைப் பொரியல்போல் வறுத்தால் என் மாமியாரே இரண்டாம் தரம் கேட்பார்.

வறைக்கு எதுவும் ஆகும். கோவா, லீக்ஸ், போஞ்சி, பீற்றூட் இலை, முள்ளங்கி இலை. இந்த ஊரில் பீற்றூட்டின் இலையை வெட்டி எறிந்துவிட்டுக் கிழங்கை மட்டும் விற்கும் கடைகள் இருக்கின்றன. இலையோடு தரச் சொல்லிக் கேளுங்கள். எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, ஊற்றிப் பார்க்காமல் கரண்டியால் அளந்து.

உப்பையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சீனி வருத்தத்தோடு இரத்த அழுத்தமும் அநேகமாகச் சேர்ந்தே வரும். நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டிதான் எல்லை. நெத்தலிக் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நான்கும் ஒரே நாளில் வந்தால் அந்தக் கரண்டி அவற்றிலேயே முடிந்துவிடும். ஒரு நாளுக்கு ஒன்று என்று வைத்தோம். கருவாட்டைச் சுடுதண்ணீரில் இரண்டு தரம் ஊறவைத்துக் கழுவுங்கள்.

மானியைச் சமையலுக்குப் பயன்படுத்துங்கள்

குத்திப் பார்க்கும் மானியை வைத்தியருக்குக் காட்டும் பரீட்சைத்தாள் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் குசினியின் தராசு. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தின் பின் பாருங்கள். டயபெற்றீஸ் கனடா அமைப்பு பொதுவாகச் சொல்லும் இலக்கு, இங்குள்ள மானிக் கணக்கில் (லீற்றருக்கு மில்லிமோல்), சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7 வரை, இரண்டு மணித்தியாலத்தின் பின் 5 முதல் 10 வரை. உங்களுக்கு வைத்தியர் வேறு இலக்குச் சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் இலக்கு. ஒரு வாரம் ஒரு சாப்பாட்டை மட்டும் ஆராயுங்கள். என் பழைய கொப்பியில் இப்படி இருக்கிறது: "வெள்ளை இடியப்பம் 10, சொதி, சம்பல் – 13.8". மூன்று பக்கம் தள்ளி: "குரக்கன் கீரைப் புட்டு ஒரு பங்கு, கத்தரிக்காய், சூடை மீன் – 9.1". அந்தப் பக்கத்தைக் காட்டியபோது இவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் தானாகவே சுண்டை எடுத்துப் புட்டுக் கொத்தினார்.

ஊரில் இருக்கும் அண்ணர் தொலைபேசியில் தனக்கு 140 என்பார், இவர் தனக்கு 8 என்பார். பேசி முடியும்போது இருவரும் பயந்துபோயிருப்பார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் அளவு வேறு, டெசிலீற்றருக்கு மில்லிகிராம். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்குங்கள். 7 என்றால் அங்கே 126. 10 என்றால் 180. இந்தப் பெருக்கலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால் வீட்டில் பாதிக் கலக்கம் குறையும். அண்ணருடைய 140 இவருடைய 8க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அளவு கீழே போகும்போது

இதை மட்டும் வீட்டில் பிள்ளைகள் உட்பட எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 2011 கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். இவர் காலையில் வழக்கம்போல் குளிசையைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தார். மாலை ஐந்தரைக்குப் பேச்சுக் குழறியது, நெற்றி முழுக்க வேர்வை, விரல் நடுங்கியது. விரதக் களைப்பு என்று நான் பாயை விரிக்கப் போனேன். மகள்தான் மானியை எடுத்தாள். 3.2.

4க்குக் கீழே போனால் 15 கிராம் சீனி உடனே வாயில் போக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது முக்கால் கிளாசுக்குச் சற்றுக் குறைவாகத் தோடம்பழச் சாறு. சொக்லற் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். இன்னமும் 4க்குக் கீழே என்றால் திரும்பவும் அதே அளவு. சரியானபின், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 911ஐ அழையுங்கள்.

எல்லாக் குளிசையும் இப்படி இறக்குவதில்லை. கிளிக்கிளசைட் போன்றவையும் இன்சுலினும் இறக்கும். ஆகவே சஷ்டிக்கோ சிவராத்திரிக்கோ ஒரு மாதம் முன்பே குடும்ப வைத்தியரிடம் போய், "நான் விரதம் இருக்கப் போகிறேன், குளிசையை எப்படி மாற்றுவது?" என்று நேரே கேளுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் பலர். எங்கள் வைத்தியர் திட்டவில்லை, ஒரு தாளில் நேரம் எழுதித் தந்தார். இப்போது இவர் மதியம் ஒரு நேரம் பாலும் பழமும் எடுத்து விரதம் பிடிக்கிறார். முருகன் அதை ஏற்றுக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சீனி வருத்தத்துக்குத் தரும் மெற்ஃபோமின் குளிசையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம், சைவர்களுக்கு இன்னும் கூடுதலாக. கால் விறைப்பு, மறதி என்று வயதானவர்கள் சொன்னால் இதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாகற்காய்ச் சாறும் வெந்தயத் தண்ணீரும் குடிக்கலாம். அவற்றை நம்பிக் குளிசையை விட்டவர்களை நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் கால் விரல் இல்லாமல் பார்த்திருக்கிறேன்.

கொண்டாட்டத்துக்குப் போகும்போது

சாமத்திய வீடு, பிறந்தநாள், திருமணம் என்று கோடைகாலத்தில் ஒரு சனிக்கிழமையும் சும்மா இருக்காது. அழைப்பில் ஆறு மணி என்று இருக்கும், சாப்பாடு பத்து மணிக்கு. இடையில் ரோல்ஸும் வடையும் சோடாவும் மேசையில் சுற்றும். பசியோடு போனால் தோற்றுவிடுவோம். நாங்கள் ஐந்தரைக்கு வீட்டில் ஒரு கிண்ணம் அவித்த கடலை சாப்பிட்டுவிட்டுத்தான் உடுப்பு மாற்றுவோம். அங்கே ஒரு ரோல்ஸ், விரும்பியதைத் தெரிந்து, இருந்து, மென்று. அதை இவருக்கு நான் ஒருபோதும் தடுப்பதில்லை. பத்து மணிக்குப் பிரியாணியில் அரைத்தட்டும் நிறையச் சலாதுவும். திரும்பி வந்து அடுக்குமாடி வளவை இரண்டு சுற்று நடப்போம், வேட்டியோடும் சேலையோடும். பனி என்றால் உள்ளே நடைபாதையில்.

"ஒரு நாளைக்கு ஒன்றும் செய்யாது, சாப்பிடுங்கோ" என்று அன்பாகக் கரண்டியோடு வந்து நிற்பவர்களுக்கு என்ன சொல்வது? வருத்தத்தைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். "உங்கள் கையால் ஒரு வறை போடுங்கள், அக்கா" என்று தட்டை நீட்டுங்கள். கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை, எதைக் கொடுக்கிறோம் என்பதில் அவர்களுக்குப் பிடிவாதம் இல்லை. உங்கள் வீட்டுக் கொண்டாட்டம் என்றால் சோடாவுக்குப் பக்கத்தில் தேசிக்காய் பிழிந்த உப்புத் தண்ணீரும், ரோல்ஸுக்குப் பக்கத்தில் கடலைச் சுண்டலும் வையுங்கள். முதலில் முடிவது சுண்டல்தான். நான் மூன்று விழாவில் பார்த்துவிட்டேன்.

ஆலோசகரிடம் புட்டைக் கொண்டுபோங்கள்

ஒன்ராறியோவில் நீரிழிவுக் கல்வி நிலையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. பல இடங்களில் நாமே அழைத்துப் பதிவுசெய்யலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் அவர்கள் வாயால் தகப்பனின் வருத்தத்தைப் பேசவைக்காதீர்கள். இரண்டாம் தடவை நான் போனபோது ஒரு பெட்டியில் இவருடைய இரவுப் பங்குப் புட்டு, இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பு, என் அளவுக் கப், மாப் பொதியின் பின்பக்கம் வெட்டிய துண்டு எல்லாம் கொண்டுபோனேன். அங்கே ஆலோசகராக இருந்த பெண் பிள்ளை புட்டை அதுவரை கண்டதில்லை. எடுத்து நிறுத்தாள், உள்ளே என்ன என்று கேட்டாள், ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு தன் தாளில் ஓட்ஸ் என்று இருந்த இடத்தைக் கோடு போட்டு, நான் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லப் புட்டு என்று எழுதினாள். அந்தத் தாள்தான் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது.

இரவு வேலைக்காரருக்கு ஒரு சொல். நடுச்சாமச் சாப்பாட்டைத் தொழிற்சாலைத் தானியங்கிப் பெட்டியிடம் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பெட்டியில் புட்டும் மரக்கறியும் மீனும் பங்கு பிரித்து, மூடியில் நாளை எழுதி உறைய வைக்கிறேன். பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போக முன் ஏழு மணிக்கு முடித்து, இரவு இரண்டு மணிக்கு அந்தச் சின்னப் பெட்டி. காலையில் வந்து படுக்க முன் ஒரு அவித்த முட்டை, இனிப்பில்லாத தேநீர், அவ்வளவே.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் மேல் தண்ணீரை வடித்து ஊற்றி, இன்னொரு தரம் தண்ணீர் மாற்றுங்கள், அப்போதுதான் கசப்புப் போகும். பயற்றங்காய், முருங்கை இலை, ஒரு பிடி பலாக்கொட்டை, நண்டு, இறால், மீன் தலை எல்லாம் அவிந்தபின் மாவைக் கரைத்து விட்டு, செத்தல் மிளகாய் அரைத்து, பழப்புளி கரைத்து இறக்க வேண்டும். மரவள்ளியை நான் இப்போது போடுவதில்லை, மாவே போதும். ஊரில் பனையோலைப் பிளாவில் குடிப்போம். இங்கே என்னிடம் 250 மில்லிலீற்றர் மண் கிண்ணங்கள் ஆறு இருக்கின்றன. இவர் இரண்டு கிண்ணம் குடிப்பார். மூன்றாவதுக்குக் கையை நீட்டும்போது நண்டுக் கால் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைப்பேன்.